நூற்றுப் பன்னிரண்டாம் டப்பா

1989 மார்ச் 6, திங்கள்

முதலாளி நாச்சியப்பன் காலையிலேயே என் அறைக்கு வந்தார். அவர் தேடிக்கொண்டு வந்தால் நமக்கு வேலை கூடும் என்று அர்த்தம். 'கரடியார்' கார்ட்டூன் அறுபத்தொரு பகுதிகளையும் பம்பாய்க்காரர்கள் இந்தியில் போட வாங்குகிறார்களாம். பேச்சை எடுத்துவிட்டுச் சத்தங்களை மட்டும் தனிச் சுருளாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பட்டியல். ஒவ்வொரு சத்தமும் எதை வைத்து, எப்போது, யார் எடுத்தது என்று.

"அது எதுக்குங்க அவங்களுக்கு?"

"வேற படத்துலேர்ந்து உருவினது எதுவும் இல்லன்னு தெரியணுமாம். ஏப்ரல் கடைசிக்குள்ள முடிச்சிடுங்க, தணிகாசலம்."

பதினான்கு வருஷமாக இந்தக் கட்டடத்தில் சத்தம் சேர்க்கிறேன். ஒரு நாளும் யாரும் எப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், திருடினாயா என்று தெரிந்துகொள்ள.

வரும் வழியில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. க்யூவில் ஒரு மணி நேரம் நின்றது மிச்சம்.

மார்ச் 9, வியாழன்

பட்டியல் நாற்பது வரை வந்துவிட்டது. கரடியார் நடப்பது: நனைந்த கோணிச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் அடித்தது. கரடியார் கண் சிமிட்டுவது: சைக்கிள் மணியின் மூடியை விரலால் சுண்டியது. தேனீக்கள்: சீப்பின் மேல் பட்டுத்தாளை வைத்து ஊதியது. எல்லாம் என் கை, என் வாய். படத்தின் முதலில் இசைக்காரர் பெயர் திரை முழுக்க வருகிறது. என் பெயர் படத்தாள்களுக்குப் பெயின்ட் அடித்த பெண்களுக்கு அடுத்து, படிப்பதற்குள் ஓடிவிடும்.

இருதயராஜ் இன்று வராந்தாவில் எதிரே வந்தான். சுவரோரம் ஒதுங்கி எனக்கு வழி விட்டான். மரியாதை இல்லை அது. தீட்டு.

ஒரு காலத்தில் அவன்தான் இங்கே தலைமை ஓவியன். கரடியாரின் முகம், தொந்தி, நடை எல்லாம் அவன் போட்டது. எண்பத்திரண்டில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வலது கையின் மூன்று விரல்கள் போயின. இப்போது வர்ணம் பூசிய தாள்களை விளக்கின்மேல் வைத்துத் தூசி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. என்னோடு பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் துண்டுச் சீட்டு அனுப்புவான். முன்னெல்லாம் "தணிகா" என்பான். சீட்டில் "எடிட்டர் சார்."

ஏழு வருஷமாக இந்தப் பகையை அவன்தான் வளர்க்கிறான். அவனாகவே தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தில் கை வைத்தான். நான் அப்போது பக்கத்து அறையில் இருந்தேன். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். 'கரடியாருக்குக் குரல் கொடுத்த கைகள்' என்று தலைப்பாம். நன்றாகத்தான் பேசினாள். சாக்கு, சைக்கிள் மணி எல்லாம் காட்டினேன். கடைசியில் எதற்கு வந்தாளோ அதைக் கேட்டாள்.

"சார், கரடியார் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கிறப்ப ஒரு கத்து கத்துவாரே. அதை எப்படி சார் பண்ணீங்க? எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"நானே கத்தினதுதாம்மா. குளியலறைல போய் நின்னு, ஒரு வாளிக்குள்ள தலைய விட்டு. நாற்பது தடவை கத்தினேன். ஒண்ணுதான் சரியா வந்தது."

எழுதிக்கொண்டாள். அந்தக் கத்தல் இல்லாவிட்டால் இந்தக் கார்ட்டூனை எவன் பார்ப்பான்? அதைக் கண்டெடுத்து, தலையையும் வாலையும் நறுக்கி, கொஞ்சம் வேகம் கூட்டி, கரடி வாய்க்குப் பொருத்தியது யார்? நான். அப்படியானால் அது என்னுடையதுதான்.

மார்ச் 19, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு டிவியில் கரடியார். நாற்பத்தெட்டாம் பகுதியை மறுபடி போட்டார்கள். இசை சத்தத்தை விழுங்கிவிட்டது, வழக்கம்போல். தேன் கூட்டில் மூக்கு மாட்டிக்கொள்ளும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்சவேணி எழுந்து சமையலறைக்குப் போனாள். என் பெண்டாட்டிக்கு என் வேலையைப் பார்க்கப் பொறுமை கிடையாது.

தண்ணீர் லாரி வரவில்லை.

மார்ச் 27, திங்கள்

பத்திரிகை வந்துவிட்டது. அரைப் பக்கம், போட்டோவோடு. ஆபீஸ் பையன்கள் முதல் கணக்கர் வரை கை குலுக்கினார்கள். நாச்சியப்பன்கூட "வாளிக்குள்ளயா?" என்று சிரித்தார்.

பதினொரு மணிக்கு இருதயராஜ் என் அறைக்குள் வந்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவை. கதவைச் சாத்தினான். பத்திரிகையை மேஜைமேல் வைத்தான்.

"எடிட்டர் சார், இது உங்க குரலா?"

"பத்திரிகைக்காரங்க ஏதாவது எழுதுவாங்க."

"அவங்க எழுதினதக் கேக்கல. நீங்க சொன்னதக் கேக்கறேன்."

நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"எங்க வீட்ல டிவி வாங்கல," என்றான். "வசதி இல்லாம இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல சர்ச்சுலேர்ந்து வந்து உக்காந்தா, பக்கத்து வீட்டு சுவர் வழியா என் குரல் கேக்குது. என் கை போனப்ப நான் போட்ட சத்தம். அன்னிக்குப் பக்கத்து ரூம்ல உங்க மைக் ஓடிட்டிருந்துதுன்னு சொன்னாங்க. அதுக்கு அந்த வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஆறு வருஷமா உங்ககிட்ட கேக்கணும்னு நெனப்பேன். கேட்டதில்ல. என் கவனக்குறைவால போன கை, நான் யாரைக் கேக்கறதுன்னு இருந்துட்டேன். ஆனா இப்ப நீங்க அதையும் உங்களுதுன்னு சொல்லிக்கிறீங்க."

"இப்ப என்ன செய்யணும்ங்கற?"

"பம்பாய்க்குப் போற சுருள்ல அது இருக்கக் கூடாது. வேற ஏதாவது போடுங்க. நெஜமாவே வாளிக்குள்ள தலைய விட்டுக் கத்துங்க."

"அத்தனை பகுதியிலயும் மாத்தறதா? ஒன் இஷ்டத்துக்கா?"

"என் இஷ்டத்துக்குத்தான்."

"முதலாளிகிட்ட போய்ச் சொல்லு" என்றேன். போய்விட்டான். பத்திரிகையை எடுத்துக்கொண்டே போனான், அதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாது என்பது போல் மடித்து.

மார்ச் 28, செவ்வாய்

முதலாளியிடம் போகவில்லை அவன். விசாரித்தேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

பட்டியல் நூற்றுப் பதின்மூன்று வரை. 111: பலூனில் ஈரக் கையைத் தேய்த்தது. 113: தகர டப்பாவில் உளுந்து. நடுவில் ஒரு வரி, கத்தலுடையது, காலி. அங்கே என்ன எழுதினாலும் பம்பாய்க்காரனுக்கு ஒன்றுதான்.

எண்பத்திரண்டில் நடந்ததை எழுதி வைக்கிறேன், எனக்காக. மரவெட்டியின் அரிவாள் கரடியாரின் வாலுக்குப் பக்கத்தில் இறங்குகிற காட்சி. அதற்குக் கனமான கத்தி ஒன்று காகிதக் கட்டுக்குள் இறங்கும் சத்தம் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஃபேன்களையெல்லாம் நிறுத்திவிட்டு வெட்டும் இயந்திரத்தருகில் மைக் வைத்தேன். தடுப்புக் கம்பி கடகடவென்று ஆடிச் சத்தத்தைக் கெடுத்தது. ஆகவே கழற்ற வேண்டியதாயிற்று. கம்பி இல்லாவிட்டால் காகிதக் கட்டு நகரும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இருதயராஜ் மட்டும் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். உதவிக்கு வந்தான். நான் மைக்கருகில்தான் நின்றேன். நடந்தது நடந்தது.

முன்பு பக்கத்து அறை என்று எழுதியிருக்கிறேன். மைக் இருந்த இடத்தைத்தான் அப்படிச் சொன்னேன்.

பல் வலி. கிராம்புத் தைலம் வைத்தும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். சாப்பாடு முடிந்ததும் அம்சவேணி இலையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"செலின் சொன்னாங்க, அவர் உங்ககிட்ட வந்து கேட்டாராம்."

செலின் இருதயராஜின் மனைவி.

"நீ எங்க பாத்த அவளை?"

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் போயிட்டுத்தான் வரேன். நடுவுலயும் போவேன். உங்ககிட்ட சொன்னதில்ல."

"எனக்குத் தெரியாம எதுக்கு அங்க போற?"

"அவர் ஆஸ்பத்திரில பதினேழு நாள் இருந்தாரு. நான் தினம் கஞ்சி எடுத்துட்டுப் போனேன். உங்களையும் வாங்கன்னு கூப்பிட்டேன். அவரும் அப்ப தினம் கேட்டாரு, தணிகா வரலயான்னு. நீங்க வரல. அதுக்கப்புறம் அவர் கேக்கறத நிறுத்திட்டாரு."

"எனக்கு வேலை இருந்தது."

"என்ன வேலைங்க அது?"

இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அந்தப் பதினேழு நாளில்தான் அந்தச் சத்தத்தை நறுக்கி எட்டாம் பகுதியில் சேர்த்தேன். அதை ஏன் அவளிடம் சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 20, வியாழன்

ஒலிக் கலவை செய்கிற வரதன் ஒரு தொல்லை. வயசு முப்பதுகூட ஆகவில்லை, அதற்குள் எல்லாம் தெரிந்தவன் மாதிரி. 112 பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்து கரகரக்கிறதாம்.

"மூல டேப் குடுங்க சார், புதுசா எடுத்துக்கறேன்."

"அழிஞ்சு போச்சு."

"ரெஜிஸ்தர்ல டப்பா இருக்குன்னு போட்டிருக்கே."

"ரெஜிஸ்தர்ல ஆயிரம் இருக்கும்."

நேரே நாச்சியப்பனிடம் போய்விட்டான். சாயங்காலம் அவர் சீட்டு அனுப்பினார். மே 2 செவ்வாய்க்கிழமை கலவை அரங்கில் எல்லா மூல டேப்பும் இருக்க வேண்டும், 112 உள்பட.

ஏப்ரல் 24, திங்கள்

112ஐ அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுத்தேன். டப்பா துருப்பிடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினேன். டேப் நன்றாகத்தான் இருந்தது.

ஓட்டினேன். கத்தலுக்கு முன்னால் ஐம்பது வினாடி தேவையில்லாத பகுதி. அதை நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் வரதனுக்கும் வசதி. டேப்பை அச்சில் பொருத்தி, பிளேடையும் எடுத்துவிட்டேன். பன்னிரண்டு மணி. வெட்ட வேண்டிய இடத்தில் பென்சில் கோடும் போட்டாயிற்று.

சாப்பிடப் போனேன். திரும்பி வந்தும் வெட்டவில்லை. ஏன் என்று இங்கே எழுதப் பார்த்தேன், வரவில்லை. இருபத்தாறு வருஷத் தொழிலில் மைல் கணக்கில் டேப் வெட்டியிருக்கிறேன். இதை அப்படியே சுற்றி டப்பாவில் திரும்ப வைத்தேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பல்லைப் பிடுங்கியாயிற்று.

மே 2, செவ்வாய்

கலவை அரங்கு. பத்து மணிக்குத் தொடங்கினார்கள். வரதன் கலவைப் பலகையில். நாச்சியப்பன் பின்னால் சோபாவில், பம்பாயிலிருந்து வந்த ஒருவரோடு. படச்சுருளில் கீறல் பார்க்க இருதயராஜும் வந்திருந்தான். கதவருகில் நின்றான், உட்காரவில்லை. அவன் இருப்பான் என்று எனக்குத் தெரியும். படச்சுருள் ஓடினால் அவன் இல்லாமல் ஓடாது.

112 வந்தது. டேப்பை வரதனிடம் கொடுத்தேன்.

"கோடு போட்டிருக்கீங்களே, அங்கேர்ந்து போடவா?"

"முதல்லேர்ந்து போடு" என்றேன்.

ஏன் சொன்னேன்? டேப்பின் நிலை தெரிய வேண்டும் என்பதற்காக என்று அப்போது நினைத்தேன்.

அரங்கின் ஸ்பீக்கர்கள் பெரியவை. முதலில் வெறும் இரைச்சல். பிறகு என் குரல். ஏழு வருஷத்துக்கு முந்தைய, தெம்பான குரல்.

"கம்பி ஆடுது. நான் கழட்டிடறேன். நீ கட்டைப் புடிச்சுக்க, ராஜு."

இரும்பு கழலும் சத்தம். அப்புறம் அவன் குரல், சிரித்தபடி: "தணிகா, எனக்கு இந்தக் கையாலதான் சோறு."

"நான்தானே கைப்பிடிய இழுக்கப் போறேன், பயப்படாத. மூணு எண்ணுவேன். மூணுன்னதும் கைய எடுத்துடு, அப்புறம்தான் இழுப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணு." கத்தி இறங்கும் சத்தம். "சே. ஒன் சட்டை சரசரங்குது. இன்னொரு தடவ." மறுபடி எண்ணல், மறுபடி கத்தி. "திரும்பவும் சரசரப்பு. கடைசியா ஒரு தடவ. அசையாம புடி."

"ம்."

"ஒண்ணு. ரெண்டு."

கத்தி.

அப்புறம் அந்தச் சத்தம். வேகம் கூட்டாதது, வால் நறுக்காதது. அது நிற்கவே இல்லை. பம்பாய்க்காரர் எழுந்துவிட்டார். வரதன் கையை ஸ்விட்சின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நானே போய் அணைத்தேன்.

இருதயராஜ் கதவருகிலிருந்து நடந்து வந்தான். மெதுவாகத்தான் வந்தான். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று நின்றேன்.

"அன்னிக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனது வரைக்கும் ஞாபகம் இருக்கு," என்றான். "அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி. நடுவுல ஒண்ணுமே இல்ல. நான் தனியா போய்க் கம்பியக் கழட்டி வெட்டினேன்னு நீ எழுதினதப் படிச்சுக் காட்டினாங்க. நம்பினேன். ஏன்டா அப்படிச் செஞ்சோம், எதுக்குடா கம்பியக் கழட்டினோம்னு ஏழு வருஷம் என்னையே திட்டிட்டிருந்தேன். செலின்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன். பொண்ணு படிப்ப நிறுத்தினப்ப அதுகிட்டயும் கேட்டேன்."

என் சட்டைக் காலரை இடது கையால் சரிசெய்வதுபோல் தொட்டான். அவ்வளவுதான் செய்தான்.

"நீ மூணு சொல்லவே இல்ல," என்றான்.

வெளியே போய்விட்டான்.

மே 3, புதன்

வேலைக்குப் போகவில்லை. அம்சவேணியிடம் சொன்னேன், எல்லாவற்றையும். கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு செலின் வீட்டுக்குப் போனாள். இருட்டும்வரை வரவில்லை.

மே 8, திங்கள்

நாச்சியப்பன் கூப்பிட்டார். டேப்பைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

"ஏழு வருஷத்துக்கு முந்தினது. அவனுக்கும் வேலை குடுத்துத்தான வச்சிருக்கோம்? பம்பாய்க்காரங்ககிட்ட ஏதோ சொல்லிச் சமாளிச்சிட்டேன். 112 வேண்டாம்ங்கறாங்க, வேற போட்டுக்கலாம். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"அந்த அறிக்கைய என்னை எழுதச் சொன்னது நீங்க."

"எழுதினது யார் கை?"

அந்த மனிதரிடம் பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக உண்மையான பேச்சைக் கேட்டேன். பீரோவில் எதை வேண்டுமானாலும் பூட்டட்டும், புது அறிக்கை எழுதித் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன் என்றேன். அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி என்றேன்.

மே 12, வெள்ளி

இருதயராஜ் வீட்டுக்கு வந்தான். புது அறிக்கையைப் பற்றி அம்சவேணிதான் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள், உள்ளே போய்விட்டாள். நான் எழுதி வைத்திருந்த அறிக்கையை நீட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தான், வர்ணத்தாளில் தூசி பார்க்கிற மாதிரி.

"விபத்து நேர்ந்ததுன்னு போட்டிருக்க."

"பின்ன?"

"என்ன நடந்துதோ அதை எழுது."

திரும்ப எழுதினேன். 'எண்ணிக்கையில் ஏற்பட்ட தவறினால்' என்றிருந்ததை அவன் நகத்தால் கீறிக் காட்டினான்.

"தவறா அது?"

மூன்றாம் தாள். 'கவனிக்காமல் கைப்பிடியை இழுத்துவிட்டேன்.' அதையும் திருப்பிக் கொடுத்தான்.

"நீ கவனிக்காத ஆளா? சட்டை சரசரக்கிறது ஒனக்குக் காதுல விழுந்துது. தணிகா, நான் இங்க சண்டைக்கு வரல. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடையாது. ஒனக்குத்தான் இருக்கு. அதக் குடு."

நான்காம் தாளை எடுத்தேன். பிறகு எழுதினேன்:

'மூன்று என்று சொல்லும்போதெல்லாம் அவர் கையை எடுக்கத் தயாராகி உடம்பை அசைத்தார். சட்டையின் சத்தம் பதிவில் விழுந்தது. அது விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அவரிடம் சொல்லாமல், மூன்றுக்கு முன்னால் வேண்டுமென்றே இழுத்தேன். கத்தி காகிதத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன் என்று சொல்ல முடியாது. கையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. சத்தத்தைப் பற்றித்தான் நினைத்தேன்.'

கையெழுத்துப் போட்டேன். அவன் இரண்டு தடவை படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், இடது கையால், நிதானமாக.

"மன்னிச்சிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காத," என்றான்.

"இல்ல."

"திங்கக்கிழமை பத்தரைக்குத் தொழிலாளர் ஆபீஸ். அவங்க ஒன்னையும் கேப்பாங்க. வருவியா?"

"வரேன்."

மோரைக் குடித்து முடித்து, தம்ளரை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, அம்சவேணியிடம் சொல்லிக்கொண்டு போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வாசல்வரை போனேன். தெரு முனை திரும்பும்வரை அவன் பின்னால் பார்க்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.